இருக்கவே முடியாத 1.94

மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரி மண்டிகளில் பெங்களூராவும் அல்போன்சாவும் பக்கத்துப் பக்கத்தில் குவிந்திருக்கும். 600 கிராம் பெங்களூரா, 300 கிராம் அல்போன்சா, இவ்விரண்டில் தன் இனத்துக்குள் எது அதிகம் பெருத்தது என்பதற்குத் தராசு விடை சொல்லாது. எடையிலிருந்து அந்த இனத்தின் சராசரியைக் கழித்து, மீதியை அதன் திட்ட விலக்கத்தால், அதாவது எடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால், வகுத்தால் கிடைக்கும் இசட் மதிப்புதான் சொல்லும்.

காவேரிப்பட்டணத்துப் பக்கம் ஒரு தோப்பில் ஐந்து பெங்களூராக் காய்களை நிறுத்து, 400, 450, 500, 550, 600 என எக்செல் தாளில் பி2 முதல் பி6 வரை இட்டேன். 600 கிராம் காய்க்கு இசட் மதிப்பு 1.94 என்று வந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் ஐந்து எண்களை வைத்துக்கொண்டு அந்த விடையைப் பெறவே முடியாது. எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, அதனை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பதே மாதிரித் திட்ட விலக்கத்தின்படி இசட் மதிப்பின் உச்ச எல்லை. ஐந்துக்கு அது 1.79. ஒரு காய் பூசணி அளவுக்குப் பெருத்தாலும், சராசரியையும் திட்ட விலக்கத்தையும் தன்னோடு சேர்த்தே இழுத்துக்கொண்டு போவதால், இந்த எல்லையைத் தாண்டாது. (பத்து எண்களுக்கு உச்சமே 2.85 என்பதால், '3-ஐத் தாண்டினால் சந்தேகப்படு' என்ற விதியைப் பத்து எண்களுக்குப் பிரயோகிப்பது வீண் வேலை.)

கட்டத்தை உற்றுப் பார்த்தபோது, மற்ற நான்கு எண்களும் வலப்புறம் ஒட்டியிருக்க, 600 மட்டும் இடப்புறம் ஒதுங்கி நின்றது. அது எண்ணாக அல்லாமல் எழுத்தாகப் பதிவாகியிருந்தது. சராசரி காணும் ஏவரேஜ், மாதிரித் திட்ட விலக்கம் காணும் எஸ்டிடெவ்.எஸ் ஆகிய இரண்டு எக்செல் சார்புகளும் பி2:பி6 என்று தந்த வரம்புக்குள் இருக்கும் எழுத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுவதால், சராசரி 500-க்குப் பதில் 475 ஆகவும், திட்ட விலக்கம் 79.06-க்குப் பதில் 64.55 ஆகவும் சுருங்கிவிட்டன. கழித்தல் குறியோ அதே எழுத்தை எண்ணாக மாற்றிக்கொண்டு கணக்கை முடித்துவிட்டது. தன்னைச் சேர்க்காத கூட்டத்தோடு அந்தக் காய் ஒப்பிடப்பட்டதே 1.94-இன் பிறப்பு ரகசியம். எண்கள் எத்தனை என்று எண்ணும் கவுண்ட் சார்பு 5-க்குப் பதில் 4 என்று காட்டியதும் ஐயம் தீர்ந்தது. எண்ணாக மாற்றியபின் சரியான விடை 1.26 வந்தது.

இன்னொரு பிழை டாலர் குறியை மறப்பதால் வருவது. சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது பி2:பி6 என்ற வரம்பும் பி3:பி7, பி4:பி8 என்று கூடவே நழுவும். எடைகள் ஏறுவரிசையில் இருந்தால் முதல் நான்கு காய்களும் சராசரிக்குக் கீழே விழுந்துவிட, கடைசிக் கட்டத்தில் வரம்புக்குள் ஒரே எண் மிஞ்சுவதால் வகுத்தல் பிழை தலைகாட்டும். $பி$2:$பி$6 என்று எழுதினால் வரம்பு அசையாது.

எஸ்டிடெவ்.எஸ்-க்குப் பதில் முழுத் தொகுதிக்கான எஸ்டிடெவ்.பி போட்டால் 1.26 என்பது 1.41 ஆகும். இது பிழையன்று, அந்த ஐந்து காய்கள் மட்டுமே நம் கணக்கு என்றால் அதுவே சரி, தோப்பு முழுவதற்கும் அவை மாதிரி என்றால் எஸ்டிடெவ்.எஸ் வேண்டும்.

நான் இப்போது இசட் மதிப்புகளின் சராசரியையும் ஓரத்தில் போட்டு வைக்கிறேன். அது சுழியமாக இருக்க வேண்டும். பிழையான தாளில் 0.39 இருந்தது. புள்ளிக்குப் பின் பதினைந்து சுழியங்களுக்கு அப்பால் ஏதோ ஓர் இலக்கம் தெரிந்தால் கவலை வேண்டாம்; கணினி இரும முறையில் பின்னங்களைத் தோராயமாக வைத்துக்கொள்வதால் எஞ்சும் தூசி அது.