தங்கமான பிள்ளை, அழவே அழாது

"கொயந்த அழவே அழாது டாக்டரம்மா, தங்கம். ஒருவாட்டி பால் குடிச்சா நாலு மணி நேரம் தூங்கும்." குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆயாவுக்குச் சொல்லும்போதே முகமெல்லாம் பெருமை. பிறந்து ஆறு நாளான பெண் குழந்தை. 35 வாரத்தில் பிறந்தது. எடை 2.4 கிலோ இருந்ததால் மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போர்த்தியிருந்த துணியை விலக்கினேன். காமாலையின் மஞ்சள் உள்ளங்கால் வரை இறங்கியிருந்தது.

"ஒன்பதாம் மாசம்தானே பொறந்துச்சு, அது முழு மாசம்தானே?" என்று அடுத்த கேள்வி. நம் பெரியவர்கள் சொல்லும் பத்து மாசம் 28 நாள் மாசக் கணக்கு. கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். 37 வாரம் முடியாமல் பிறந்தால் குறைமாசம்தான். ஒன்பதாம் மாசத்துப் பிள்ளை என்றால் 32 முதல் 36 வாரத்துக்குள் பிறந்தது என்று அர்த்தம். ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது என்பார்களே, அதுவும் தவறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபமே.

34 வாரத்துக்கு மேல் பிறந்த பிள்ளைகள் பார்க்க முழுமாசப் பிள்ளை போலவே இருப்பார்கள். ஏமாறுவது அங்கேதான். 35 வாரத்தில் மூளையின் எடை, முழுமாசப் பிள்ளையின் மூளையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். சப்பி, விழுங்கி, இடையில் மூச்சும் விடுவது அந்தப் பிள்ளைக்குப் பெரிய வேலை. ஐந்து நிமிடம் சப்பியதும் களைத்துத் தூங்கிவிடும். வயிறு நிறைந்துவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். பால் குறைந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும். மலம் சரியாகப் போகாது. அதோடு வெளியேற வேண்டிய மஞ்சள் நிறமி குடலிலிருந்து மறுபடி இரத்தத்துக்கே திரும்பும். அதை வெளியேற்றும் கல்லீரலும் இன்னும் பழகவில்லை. அதனால்தான் இவர்களுக்கு மஞ்சள் ஐந்தாம் நாள், ஏழாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகிறது. அதற்குள் தாயும் பிள்ளையும் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அந்தக் குழந்தைக்குப் பிலிருபின், அதாவது அந்த மஞ்சள் நிறமியின் அளவு, இரத்தத்தில் 21. இன்னும் ஏறியிருந்தால் மூளையில் படிந்து காது கேட்காமல் போகலாம், கை கால் இயக்கமே கெடலாம். காலை வெயிலில் காட்டினோம் என்றார்கள். வேலூரில் வெயிலுக்கா பஞ்சம்! ஆனால் இதற்கு மருந்து ஆஸ்பத்திரியின் நீல விளக்குதான்.

இன்னொன்றும் கேட்டேன்: "துணி எங்கே வெச்சிருந்தீங்க?" பழைய பருத்திப் புடவையை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே சுற்றுவது நம் பழக்கம். பெட்டிக்குள் அந்துருண்டை போட்டிருப்பார்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைக்கு அந்த நெடியே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சளைக் கூட்டிவிடும். துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே உடுத்துங்கள். வெயிலுக்கு வேலை இங்கேதான்.

முதல் சில வாரம் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுங்கள். துணியைத் தளர்த்தி, உள்ளங்காலைத் தேய்த்தால் விழிக்கும். சப்ப முடியாவிட்டால் தாய்ப்பாலைப் பீச்சிப் பாலாடையில் புகட்டலாம். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு எதுவும் வேண்டாம்.

குளிர் விஷயத்தில் நம்மூர் வெயிலை நம்பாதீர்கள். உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் மின்விசிறிக் காற்றுக்கே பாதம் சில்லென்று ஆகிவிடும். தாயின் நெஞ்சோடு தோல் ஒட்ட வைத்துக்கொள்வதைவிட நல்ல போர்வை இல்லை. அப்பாவும் வைத்துக்கொள்ளலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. எடை ஏறும்வரை குளிப்பாட்டாமல் துடைத்துவிட்டாலே போதும். சாம்பிராணிப் புகை வேண்டாம். தொக்கம் எடுக்கிறேன், உள்ளே சிக்கியதை வெளியே கொண்டுவருகிறேன் என்று மூக்கிலும் வாயிலும் ஊதுகிறவர்களிடம் கொண்டுபோகவே போகாதீர்கள். ஊதிவிட்ட பிறகு மூச்சுத் திணறலோடு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இதில் எனக்குப் பொறுமை கிடையாது.

நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குவது, விலா உள்ளே இழுப்பது, முனகுவது, உதடு நீலமாவது, எழுப்பியும் பால் குடிக்காமல் கிடப்பது — இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

தடுப்பூசியைப் பிறந்த தேதிப்படியே போட வேண்டும். தவழ்வது, நடப்பதற்கு மட்டும் இரண்டு வயதுவரை, முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்துக்கொள்ளுங்கள். ஐந்து வாரம் முன்னால் வந்த பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட ஐந்து வாரம் தாமதமாகச் சிரித்தால் குறையில்லை.

குடியாத்தத்துக் குழந்தை இரண்டு நாள் நீல விளக்கில் இருந்தது. மூன்றாம் நாள் காலை நான் வார்டுக்குள் நுழைந்ததுமே ஆயா புகார் சொன்னார்: "ராவெல்லாம் ஒரே அழுவை டாக்டரம்மா. பாலு பாலுன்னு கத்துது. இன்னா ஆச்சுன்னு பாருங்க."