காந்தி ஜெயந்தி இரவில் குறைந்த 420 ரூபாய்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் சம்பள மென்பொருளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இரவு ஷிப்ட் தொழிலாளி ஒருவர் வந்து, சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். தினசரி காலண்டரில் கிழித்த அக்டோபர் 2ஆம் தேதித் தாள். சிவப்புத் தேதிக்குக் கீழே பேனாவால் ‘இரவு 10 – காலை 6’ என்று எழுதியிருந்தார். “அன்றைக்கு வேலை பார்த்த எல்லோருக்கும் சரியாக வந்திருக்கிறது சார். எனக்கு மட்டும் குறைகிறது” என்றார்.

அவருக்கு நாள் சம்பளம் 560 ரூபாய். விடுமுறையில் வேலை செய்ததற்குக் கூடுதலாக இன்னொரு 560 வந்திருக்க வேண்டும். சீட்டில் 140தான் இருந்தது. மென்பொருள் நள்ளிரவில் ஷிப்டை இரண்டாக வெட்டியிருந்தது. பத்து மணி முதல் பன்னிரண்டு வரை இரண்டு மணி நேரம் விடுமுறை வேலை. மீதி ஆறு மணி நேரம் 3ஆம் தேதியின் சாதாரண வேலை. அப்படியானால் மற்றவர்களுக்கு எப்படிச் சரியாக வந்தது? அவர்கள் முந்தைய நாள் இரவும் வேலையில் இருந்தவர்கள். அந்த ஷிப்டில் நள்ளிரவுக்குப் பிந்தைய ஆறு மணி நேரம் 2ஆம் தேதிக் கணக்கில் சேர்ந்து, ஆறும் இரண்டும் எட்டு ஆகிவிட்டது. இவருக்கோ 1ஆம் தேதி வார விடுமுறை. பிழை ஒன்றுதான், பெரும்பாலானோர் கணக்கில் அது தன்னைத் தானே மறைத்துக்கொண்டது. அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை.

நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டைப் பற்றி 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே யோசித்திருந்தது. அதன் 57ஆம் பிரிவு, அப்படிப்பட்ட தொழிலாளிக்கு வார விடுமுறை என்பது அவருடைய ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம் என்றது; அதாவது, நள்ளிரவு அவருடைய ஷிப்டை இரண்டாக வெட்டாது. பண்டிகை விடுமுறைக்கும் அதே கணக்கைத்தான் நான் எல்லா இடத்திலும் வைக்கச் சொல்கிறேன். ஷிப்ட் தொடங்கிய தேதி எதுவோ, முழு ஷிப்டும் அந்தத் தேதிக்கே சேர வேண்டும். மென்பொருளில் இது பெரும்பாலும் ஒரே ஒரு அமைப்பு. வாங்கிய நாளிலிருந்து யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

விடுமுறைப் பட்டியலை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கென 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், அவற்றுடன் ஐந்து பண்டிகை நாட்களும் சேர்ந்து ஒன்பது. அரசு ஆண்டுதோறும் வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியல் வேறு. 2025க்கு அதில் 24 விடுமுறைகள் இருந்தன. அதை அப்படியே மென்பொருளில் ஏற்றிவிட்டு, ஏப்ரல் 1 ஏன் சிவப்பாக வருகிறது என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள்; வங்கிகளுக்கு மட்டும் உரியது.

2025ஆம் ஆண்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. விஜயதசமி அக்டோபர் 2 அன்றே வந்தது. ஐந்து பண்டிகை நாட்களில் விஜயதசமியைத் தேர்ந்தெடுத்திருந்த நிறுவனத்தில், ஒரு தேதிக்கு ஒரு பெயரை மட்டும் ஏற்கும் மென்பொருள் இரண்டாவது பதிவைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஒன்பது எட்டாகிவிடும். ஆண்டுத் தொடக்கத்திலேயே விரல் விட்டு எண்ணினால் தெரிந்துவிடும்; அப்போதே வேறொரு பண்டிகையைச் சேர்த்துவிடலாம்.

தேதி மாறும் விடுமுறைகளில்தான் அதிகக் கவனம் வேண்டும். 2023இல் விநாயகர் சதுர்த்தி விடுமுறையை அரசு செப்டம்பர் 17இலிருந்து 18க்கு மாற்றியது. 2024இல் பிறை தெரிந்த நாளை ஒட்டி மிலாடி நபி விடுமுறை செப்டம்பர் 16இலிருந்து 17க்குப் போனது. சம்பளக் கணக்கைப் பார்க்கும் நீங்களும் அதைப் பின்பற்றி விடுமுறைப் பட்டியலில் தேதியைத் திருத்துகிறீர்கள். ஆனால் அந்த மாதத்தின் ஷிப்ட் அட்டவணை அதற்கு முன்பே உருவாகியிருக்கும். பல மென்பொருட்களில் அது தானாக மாறாது. பழைய தேதியில் வீட்டில் இருந்தவருக்கு விடுமுறை, புதிய தேதியில் வராதவருக்கு ‘ஆப்சென்ட்’. அட்டவணையை மீண்டும் உருவாக்கி, ஷிப்ட் வாரியாக ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகே கதவில் ஒட்டுங்கள்.

வாக்குப்பதிவு நாள் இந்த ஒன்பதில் சேராது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 135பி பிரிவின்படி வாக்குரிமை உள்ள தொழிலாளிக்கு அன்று சம்பளத்துடன் விடுமுறை. அதற்குத் தனி வகை வையுங்கள். கேரளத்திலோ பெங்களூரிலோ கிளை இருந்தால் அதற்குத் தனிப் பட்டியல் வையுங்கள்.

விடுமுறையில் வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்துடன் வேறொரு நாள் ஈடுவிடுப்பு. மென்பொருளில் ஈடுவிடுப்பே தானாக வரும்படி வைத்துவிட்டு, மூன்று மாதத்தில் காலாவதி என்றும் அமைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ஆள் பற்றாக்குறையில் அந்த விடுப்பைக் கொடுப்பதே இல்லை. தேதி கடந்ததும் அது தானாக அழிந்துவிடுகிறது. உழைத்த ஒரு நாள், யாரும் கையெழுத்துப் போடாமலே காணாமல் போகிறது. எது வேண்டும் என்று தொழிலாளியிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். காலாவதியாகும் விடுப்பு பணமாக மாறும்படி அமையுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களும் விடுமுறை வந்த மாதத்தின் சம்பளச் சீட்டைத் தனியாகப் பாருங்கள். எந்த ஷிப்ட், எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள் என்று அன்றே எங்காவது குறித்து வையுங்கள்.

அந்த ஆலையில் பழைய விடுமுறை இரவுகளையும் தோண்டியபோது இதே குறையுடன் இன்னும் பதினொரு பேர் கிடைத்தார்கள். இரண்டு பேர் வேலையை விட்டு ஒடிசாவுக்குத் திரும்பியிருந்தார்கள். வங்கிக் கணக்கு இருந்ததால் அவர்களுக்கும் அனுப்ப முடிந்தது. காலண்டர் தாளை நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இரவு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.