டிரேட் மார்க்: முத்திரையா, சின்னமா, குறியா?

ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் விற்கும் வர்க்கி பிஸ்கட் பொட்டலங்கள் சிலவற்றில் கடைப் பெயரை ஒட்டிப் பொடி எழுத்தில் ‘டி.எம்.’ என்று இருக்கும். ‘டிரேட் மார்க் வாங்கின சரக்குங்க, கவர்மென்ட்டே ஒத்துக்கிட்டது’ என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வதும் உண்டு. டி.எம். போட்டுக்கொள்ள அரசிடம் எதையும் வாங்க வேண்டியதில்லை. ‘இந்தப் பெயர் என்னுடையது’ என்று வணிகர் தாமே உரிமை கொண்டாடுவது அது, அவ்வளவுதான். வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்து மட்டும் பதிவு முடிந்தவருக்கு உரியது. பதிவில்லாமல் அதைப் போட்டால் 1999ஆம் ஆண்டு டிரேட் மார்க் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி முன்பு மூன்றாண்டு வரை சிறையும் இருந்தது; 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எடுத்துவிட்டது, இப்போது அபராதம் மட்டும். பதிவே கிடைத்தாலும் அது வர்க்கியின் தரத்துக்குச் சான்று ஆகாது. யார் சுட்டது என்பதற்கு மட்டும்தான் அடையாளம்.

இந்தக் குழப்பத்தில் பாதிக்கு மேல் ‘வர்த்தக முத்திரை’ என்ற மொழிபெயர்ப்பின் கைங்கரியம் என்பேன். முத்திரை என்பது அதிகாரம் உள்ளவர் குத்துவது. தராசுக்கு முத்திரை, தேனுக்கு அக்மார்க் முத்திரை, நகைக்கு ஹால்மார்க் முத்திரை. அந்த வரிசையில் டிரேட் மார்க்கையும் உட்கார வைத்தால், வாங்குகிறவர் அரசாங்கம் சோதித்த பண்டம் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்?

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ‘டிரேட்’ வடஜெர்மன் கரையோரப் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. முதற்பொருள் தடம், கப்பல் செல்லும் வழி. தடம் வாடிக்கையான வழியாகி, வழி தொழிலாகி, தொழில் வணிகமாயிற்று. ‘மார்க்’ பழைய ஆங்கிலத்தில் எல்லையையும், எல்லையைக் காட்டும் அடையாளத்தையும் குறித்தது. என் நிலம் எதுவரை, உன் நிலம் எதுவரை என்று பிரித்துக் காட்டுவது. சட்டம் சொல்லும் பொருளும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது: ஒருவர் தரும் பொருளை அல்லது சேவையை மற்றவர் தருவதிலிருந்து பிரித்துக் காட்ட வல்ல, வரைந்து காட்டக் கூடிய அடையாளம்.

நம் பழந்தமிழில் அரசு குத்தும் முத்திரையும் வணிகர் போடும் அடையாளமும் தனித்தனியாகவே இருந்திருக்கின்றன. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக்காரர்கள் மூட்டைகளில் ‘நோன் புலி பொறித்து’ வெளியே விடுகிறார்கள். சோழன் சின்னம், அது அரச முத்திரை. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் வருவதோ வேறு: ‘வம்ப மாக்கள் தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி’. வெளியூர் வணிகர்கள் தங்கள் பெயரையே பொறித்து, எண்ணிட்டு அடுக்கிய பொதிகள். டிரேட் மார்க்குக்குப் பாட்டன் இதுதான்.

இந்த வழக்கம் நீலகிரியில் இன்னும் கண்ணுக்குத் தெரியும். குன்னூர் ஏலத்துக்குப் போகும் தேயிலைச் சாக்கில் தொழிற்சாலைப் பெயர், இன்வாய்ஸ் எண், ரகம், எடை எல்லாம் இருக்கும். அந்தத் தொழிற்சாலைப் பெயருக்கு ஏலக்காரர்கள் வைத்திருக்கும் சொல் ‘மார்க்’. எஸ்.ஆர்.டி. (சூப்பர் ரெட் டஸ்ட்) என்ற ஒரே ரகத் தூளுக்கு மார்க்கைப் பார்த்து விலை ஏறும், இறங்கும். சட்டப் புத்தகம் திறக்காமலே சொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்ட இடம் அது.

‘வணிகச் சின்னம்’ என்கிறார்களே, அது ஆகாதா? பாதி ஆகும். சின்னம் என்றதும் மனதில் படம்தான் வரும், அதிலும் தேர்தல் நேரத்தில். டிரேட் மார்க் வெறும் சொல்லாக இருக்கலாம், பொட்டல வடிவமாக இருக்கலாம், ஒலியாகக்கூட இருக்கலாம். 2008இல் யாகூ நிறுவனத்தின் கூவல் இந்தியாவில் ஒலிக்குறியாகப் பதிவானது. கூவலைச் சின்னம் என்பதற்கு நாக்கு வருவதில்லை.

ஆகவே என் ஓட்டு ‘வணிகக் குறி’க்கு. இலங்கைத் தமிழர் ‘வியாபாரக் குறி’ என்பர், அதுவும் சரியே. ‘குறி’ என்றால் நெளிகிறவர்கள் இருக்கிறார்கள். அறிகுறி, நிறுத்தற்குறி, கேள்விக்குறி என்று எழுதும்போது வராத கூச்சம் இங்கே மட்டும் ஏன்?

இந்தச் சொல்லை எடுத்தால் இன்னொரு லாபமும் உண்டு. ‘புவிசார் குறியீடு’ பக்கத்தில் வந்து பொருந்திக்கொள்கிறது. தோடர் பூத்தையலுக்கு 2013இலும், கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இலும், ஊட்டி வர்க்கிக்கு 2023இலும் கிடைத்தது அது. குறி ஒரு வணிகருடையது, குறியீடு ஓர் ஊரின் உற்பத்தியாளர் எல்லாருக்கும் பொது. ‘ஊட்டி வர்க்கி’ என்ற பெயரை எந்த பேக்கரியும் தன் ஒருவனுக்கென்று வளைத்துக்கொள்ள முடியாது. தன் கடைப் பெயரைப் பதியலாம். இரண்டுக்கும் ஆயுள் பத்தாண்டு, கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

கடைக்காரர் பேச்சில் டிரேட் மார்க் என்றே சொல்லிவிட்டுப் போகட்டும். பொட்டலத்தில் தமிழில் அச்சடிக்கிறவர்கள், பதிவு முடிந்திருந்தால் ‘பதிவு பெற்ற வணிகக் குறி’ என்றும், முடியாவிட்டால் ‘வணிகக் குறி’ என்று மட்டும் போடலாம்.