கடலைச் செடிக்கு ரத்தம் உண்டா?

பாலக்கோடு பக்கம் ஒரு குடும்பம் மூன்று ஏக்கரில் யூரியா போடாமல் விவசாயம் செய்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று பண்ணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். மாட்டுக்கொட்டகை, மண்புழுத் தொட்டி, கேழ்வரகுக்கு நடுவே அவரை என்று சுற்றிக் காட்டிய அந்த வீட்டு அம்மா, பூத்திருந்த கடலைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி உதறினார். வேரெல்லாம் கடுகு கடுகாக முடிச்சுகள். ஒன்றைக் கிள்ளி நகத்தால் நசுக்கினார். விரல் நுனி சிவந்தது.

"பாட்டி, செடிக்கு ரத்தம் இருக்கா?" என்றான் ஒரு பையன். பக்கத்தில் நின்றவர், "கோமியம் ஊத்துறாங்கல்ல, அதான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். பையன்தான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தான்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதன் மூலக்கூறைப் பிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. உர ஆலையில் அதற்கு 400 டிகிரி வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, நைட்ரஜனேஸ் என்ற நொதியை வைத்துக்கொண்டு வெறும் மண்ணிலேயே அதைச் செய்து முடிக்கிறது. செடி சர்க்கரை கொடுக்கும், பாக்டீரியா அம்மோனியா கொடுக்கும். சரி, இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஆக்சிஜன் பட்டால் நைட்ரஜனேஸ் கெட்டுப்போகும். ஆனால் சர்க்கரையை எரித்து சக்தி எடுக்க பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். அதுவும் நிறைய, ஏனென்றால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிரிக்கக் குறைந்தது 16 ஏடிபி (உயிரணு சக்தியைச் செலவழிக்கும் சில்லறைக் காசு மாதிரியான மூலக்கூறு) செலவாகிறது. விட்டால் நொதி சாகும், தடுத்தால் பாக்டீரியா சாகும்.

செடி இதற்கு லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தைச் செய்து வைத்திருக்கிறது. நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்குப் பங்காளி. அதே இரும்பு, அதே சிவப்பு. ஆக்சிஜன் உள்ளே வந்ததும் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பந்தியில் பாயச வாளியை இலை முன்னால் வைத்துவிட்டுப் போகாமல் கரண்டி கரண்டியாகப் பரிமாறுவோமே, அப்படித்தான் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது. தனியாகத் திரியும் ஆக்சிஜன் அநேகமாக இருக்காது. இந்தச் சிவப்பு ஹீமோகுளோபின் வகைதான் என்று 1939-இல் கண்டு சொன்னவர் ஜப்பானின் ஹிடியோ குபோ.

ஆகவே முடிச்சு உள்ளே சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெளுத்திருந்தால் நடக்கவில்லை. யூரியாவை அள்ளிப் போட்டால் செடி முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்ளும். சும்மா கிடைக்கும்போது எதற்குக் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும்?

ரைசோபியம் பொட்டலமாகவும் கிடைக்கிறது, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டலாம். ஆனால் அது உயிருள்ள சரக்கு. ஒரு கடையில் வெயில் படும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அதைப் பூசியும் பூசாத மாதிரிதான் வந்தது விளைச்சல். விழா மேடைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஊருக்கொரு குளிர்பெட்டி வாங்கி வைக்கலாம் என்பது என் கட்சி.

அதற்குள் பையன் பத்துப் பதினைந்து முடிச்சுகளை நசுக்கியிருந்தான். "பாட்டி, இது மட்டும் பச்சையா இருக்கு?"

"அதுக்கு வயசாயிடுச்சு கண்ணு," என்றார் அந்த அம்மா. சிவப்பு நிறமி சிதைந்தால் பச்சையாகத்தான் மாறும். அவர் சொன்னது சரி.