138-உம் 184-உம் சேர்ந்தால் 230

ஒரு மின்தடையையும் ஒரு கம்பிச்சுருளையும் தொடராக இணைத்து, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏசி மின்சாரம் (திசை மாறிமாறிப் பாய்வது) கொடுக்கிறோம். சுருளின் கம்பிக்கென்று உள்ள மின்தடை மிகச் சொற்பம் என்று வைத்துக்கொள்வோம். மின்தடையின் இரு முனைகளில் மீட்டரை வைத்தால் 138 வோல்ட் காட்டுகிறது. சுருளில் வைத்தால் 184. கூட்டினால் 322 வருகிறது. கொடுத்ததோ 230தான். மீட்டர் பழுதா? இல்லை, மூன்று அளவும் சரி. நாம் கூட்டிய விதம்தான் தப்பு.

மீட்டர் காட்டுவது ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது ஒருவகைச் சராசரி. அது 230 என்று சொல்லும்போது உண்மையில் மின்னழுத்தம் 325 வோல்ட் வரை ஏறி, இறங்கி, எதிர்த்திசையிலும் அதே அளவு போய்வருகிறது. இது நொடிக்கு 50 முறை. எவ்வளவு என்று மீட்டர் சொல்லும். எப்போது என்று சொல்லாது.

அந்த 'எப்போது'தான் ஏசி சுற்றின் சூட்சுமம். மின்தடையில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். சுருளின் சங்கதியே வேறு. மின்னோட்டம் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டில்லை, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் கணக்கு. மின்னோட்டம் உச்சியைத் தொடும் கணத்தில் மாற்றம் ஏதும் இல்லை, ஆகவே சுருளில் மின்னழுத்தம் பூஜ்யம். மின்னோட்டம் பூஜ்யத்தைக் கடக்கும்போது மாற்றம் படுவேகம், அப்போது மின்னழுத்தம் உச்சம். ஆக, சுருளின் மின்னழுத்தம் கால் சுற்று (ஒரு முழு ஏற்ற இறக்கத்தில் நாலில் ஒரு பங்கு), அதாவது 5 மில்லிநொடி, முந்திக்கொள்கிறது. மின்தேக்கியில் இதற்கு நேர்மாறாகக் கால் சுற்று பிந்தும்.

கால் சுற்று என்றால் 90 பாகை. 138-ஐக் கிடை அம்பாகவும் 184-ஐ நிமிர்ந்த அம்பாகவும் வரைந்து பாருங்கள். கர்ணம் சரியாக 230!

சரி, சுற்று பெரிதானால் எத்தனை அம்புகள் வரைவது? மின்பொறியாளர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1893-இல் சிகாகோ மின் மாநாட்டில் இதற்கு வழி சொன்னார்: அம்புகளைக் கலப்பெண்களாக, அதாவது மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் கலந்த எண்களாக, எழுதிவிடலாம். அந்த வர்க்கமூலத்தை மின்பொறியாளர்கள் 'ஜே' என்பார்கள் ('ஐ' ஏற்கெனவே மின்னோட்டத்துக்குப் போய்விட்டது). ஜே-ஆல் பெருக்கினால் அம்பு 90 பாகை திரும்பும், அவ்வளவுதான். இதற்குப் போய்க் கற்பனை எண் என்று பெயர் வைத்துப் பிள்ளைகளை மிரட்டியிருக்க வேண்டாம்.

நம் சுற்றில் மின்தடை 30 ஓம், சுருளின் மின்மறுப்பு (ஏசியை அது மறிக்கும் அளவு) 40 ஓம். மொத்தம் 30 + ஜே40, அதே கர்ணக் கணக்கில் அதன் அளவு 50 ஓம். மின்னோட்டம் 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். வகைக்கெழுச் சமன்பாடு எதுவும் வேண்டாம், பழைய ஓம் விதியே போதும். ஆனால் சுவிட்ச் போட்டதும் வரும் ஆரம்பத் தடுமாற்றம் அடங்கிய பிறகுதான் இந்தக் கணக்கு செல்லும்.

அப்புறம், இதே தொடரில் சுமார் 80 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். அதன் பங்கு மைனஸ் ஜே40. சுருளின் ஜே40-ஐ அது அடித்துவிடும், மிஞ்சுவது வெறும் 30 ஓம். மின்னோட்டம் ஏறக்குறைய 7.7 ஆம்பியராக எகிறும். அது 40 ஓம் மின்தேக்கி வழியே போகும்போது அங்கே நிற்கும் மின்னழுத்தம் சுமார் 307 வோல்ட், கொடுத்த 230-ஐவிட அதிகம்! இதுதான் ஒத்ததிர்வு. '230தானே' என்று நம்பி 250 வோல்ட் தாங்கும் மின்தேக்கியைப் போட்டவர் பாடு திண்டாட்டம்தான்.