கையில் தாள் இல்லாத ஒத்திகை

பள்ளி நாடக ஒத்திகையில் ஒரு நாள் வரும். அன்றைக்கு ஆசிரியர் எல்லாரிடமும் வசனத் தாளை வாங்கி வைத்துவிடுவார். நேற்றுவரை கடகடவென்று ஒப்பித்த சிறுமி இரண்டாவது வரியிலேயே திக்கி நிற்பாள். கண் மேலே போகும், விரல் சட்டை நுனியைத் திருகும். பக்கத்தில் நிற்கும் பையன் எடுத்துக்கொடுக்க வாயைத் திறப்பான். ஆசிரியர் கையசைத்துத் தடுப்பார். நாலைந்து நொடி அப்படியே கழியும். பிறகு வசனம் வந்துவிடும்.

அந்த நாலைந்து நொடியில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்றைத் திரும்பத் திரும்பப் படிப்பது வேறு, படித்ததை நினைவிலிருந்து தோண்டி எடுப்பது வேறு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். சிலர் ஒரு பகுதியை இரண்டு தடவை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை தலைகீழ். அவர்களுக்கு நினைவில் இருந்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. தேடி எடுக்கப் படும் பாடுதான் நினைவை ஊன்ற வைக்கிறது. ஒத்திகை நாள் விட்டு நாள் அப்படிப் பாடுபட வைக்கிறது, அதுவும் நாலு பேர் காத்துக்கொண்டு நிற்கையில்.

எடுத்துக்கொடுக்க வந்த பையனையும் கவனியுங்கள். நாக்கு நுனிவரை வந்ததை அவன் அடக்கிக்கொண்டான். இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதியின் வேலை. அது முழுதாக முதிர இருபத்தைந்து வயதுகூட ஆகிவிடும். விளையாட்டும் இதே இடத்தைத் தொடுகிறது. அமெரிக்காவில் 7 முதல் 9 வயதுவரையான 221 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதியினர் பள்ளி விட்டதும் ஒன்பது மாதம் ஓடியாடி விளையாடினார்கள். கவனத்தைச் சிதறடிப்பவற்றை ஒதுக்கிவிட்டு விடை சொல்லும் சோதனையில் மற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்ததாக 2014-இல் முடிவு வெளியானது.

அதற்காக, இசை கற்றால் கணக்கு தானாக வந்துவிடும் என்று சொல்லப்படுவதை நான் நம்பத் தயாரில்லை. 2004-இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில் 144 ஆறு வயதுக் குழந்தைகளில் சிலருக்கு இசையும் சிலருக்கு நாடகமும் கற்றுக்கொடுத்தார்கள். சிலருக்கு எதுவும் இல்லை. இசைக் குழந்தைகளின் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிடச் சற்றே கூடியது உண்மைதான். ஆனால் 2020-இல் இத்தகைய 54 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசியபோது, ஒப்பீடு கறாராக இருந்த ஆய்வுகளில் அந்தப் பலன் ஏறத்தாழக் காணாமல் போயிருந்தது. அதே கனடா ஆய்வில் நாடகக் குழந்தைகள் மற்றவர்களோடு பழகும் விதத்தில் முன்னேறியிருந்தார்கள். இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எந்தப் பயிற்சியும் முதலில் தன் வேலையைத்தான் கற்றுத்தருகிறது. ஒரு பாட்டைச் சுதி விலகாமல் பாட வருவதற்குக் கணக்கு மதிப்பெண்ணின் சிபாரிசு எதற்கு?

இன்னொன்று, சான்றிதழ். எந்தப் போட்டிக்குப் போனாலும் கையில் ஒரு காகிதம் வர வேண்டும் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். 1973-இல் லெப்பர் என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினரிடம் “வரைந்தால் சான்றிதழ் உண்டு” என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. இரண்டொரு வாரம் கழித்து வகுப்பில் வண்ணப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்தவர்கள், ஒன்றும் பெறாதவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் அவற்றைத் தொட்டார்கள். மூன்றாவதாக ஒரு பிரிவும் இருந்தது. முன்கூட்டி எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழை அவர்களிடம் நீட்டியிருந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு ஆசை குறையவே இல்லை.