தார்ச்சாலையில் 4ஹெச் போடாதீர்கள்

போடிமெட்டு மலைச்சாலையில் இறங்கி வந்த ஒரு வண்டி, எஞ்சினின் சுழற்சியை முன்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டான முன்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் கிராஸ் (தண்டை இணைக்கும் சிலுவை வடிவத் துண்டு) உடைந்து, எங்கள் பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. உரிமையாளர் கவனமானவர், சர்வீஸைத் தள்ளிப்போட்டவர் அல்லர். 17 கொண்டை ஊசி வளைவுகள், வண்டிக்குள் குடும்பம் என்பதால், பிடிமானம் கூடும் என்று நம்பி மேலிருந்து அடிவாரம் வரை 4ஹெச்-லேயே, அதாவது நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை போகும் நிலையிலேயே, ஓட்டி வந்திருக்கிறார். இதே நம்பிக்கையால் இதே பகுதி உடைந்து வரும் வண்டிகளைப் பார்த்து அலுத்துப் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

மஹிந்திரா தாரின் 4x4 வகை, மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா ஆகிய மூன்றும் பகுதிநேர ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள், அதாவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொள்பவை. 4ஹெச் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே வேகத்தில் சுழலும். ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் சுற்றுகின்றன, ஆகவே அவை கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் சற்றே வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையோ டயரை வழுக்க விடாது. மழை விட்டு விட்டுப் பெய்யும் மலைச்சாலையில் ஒரு வளைவு நனைந்திருந்தால் அடுத்த இரண்டு வளைவுகள் காய்ந்துதான் கிடக்கும். ஆகவே ஒவ்வொரு வளைவிலும் ஷாஃப்டும் கியர்களும் முறுக்கேறுகின்றன. ஸ்டியரிங் இறுகுவதும், லிவர் 2ஹெச்-க்கு (பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் வழக்கமான நிலை) திரும்ப மறுப்பதும் அதன் அடையாளங்கள். அப்படிச் சிக்கிய ஒரு வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கியபோது, முன்சக்கரம் தரையை விட்ட கணமே தானாகத் திடுக்கென்று சுழன்று நின்றது. அவ்வளவு விசை உள்ளே தேங்கியிருந்தது. லிவர் சிக்கினால் அதை இழுத்து உடைக்காமல், ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டுங்கள். பெரும்பாலும் விடுபட்டுவிடும். ஒரு டயரை மட்டும் புதிதாக மாற்றுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனெனில் சுற்றளவு மாறினாலும் முறுக்கேறும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 4ஹெச் பிரேக்கின் வலிமையைக் கூட்டாது. சாதாரணக் காரிலும் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும்தான் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியை நகர்த்த உதவுமே தவிர, நிறுத்த உதவாது. கரடுமுரடான மண்பாதையில் இறங்கும்போது 4எல் (நான்கு சக்கரங்களும் இழுவை கூடி மெதுவாக இயங்கும் நிலை), முதல் கியர், கிளட்சில் கால் வைக்காமை, இவ்வளவே போதும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுபவர்களைக் கவனியுங்கள். எஞ்சினின் இழுவையிலேயே வண்டியை ஊர்ந்து இறங்கவிட்டு, பிரேக்கைச் சிக்கனமாகத்தான் தொடுவார்கள்.

ஓடையைக் கடப்பதற்கு முன் இறங்கிக் குச்சியால் ஆழம் பாருங்கள். தாருக்கு 650 மி.மீ., கூர்க்காவுக்கு 700 மி.மீ. என்று நிறுவனங்கள் சொல்லும் நீர் கடக்கும் ஆழத்தைக் காட்டாற்று வெள்ளத்துக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். வேகமாக ஓடும் நீர் சுமார் 60 செ.மீ. ஆழத்திலேயே பெரும்பாலான வண்டிகளை அடித்துச் சென்றுவிடும். நீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் தயவுசெய்து மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராட் (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வளைந்துவிடும், செலவு லட்சத்தைத் தொடும். ஆழமான நீரைக் கடந்துவிட்டு வந்தவர்கள் மெக்கானிக்கிடம் டிஃபரென்ஷியல் (அச்சின் நடுவில் இருக்கும் கியர் பெட்டி) ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். அது பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

மணலுக்காக டயரின் காற்றைக் குறைப்பவர்கள் கையோடு ஏர் பம்ப் கொண்டுபோக வேண்டும். குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் வேகமெடுத்தால் டயர் சூடேறி வெடிக்கும்.

கடைசியாக, கைகூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. சிக்கிய வண்டியை மீட்கும்போது, டிரெய்லர் மாட்டுவதற்கான உருண்டைக் கொக்கியில் ஒருபோதும் இழுவைப் பட்டையைக் கோக்காதீர்கள். அது முறிந்தால் தோட்டாவைப் போலப் பறந்து ஆளைக் கொன்றுவிடும், அப்படி உயிரிழந்தவர்கள் உண்டு. வண்டியின் அடிச்சட்டத்தோடு (சேசிஸ்) இணைந்த, மீட்புக்கென்றே செய்த கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பட்டை விறைக்கும்போது அதன் நீளத்தில் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரையும் நிற்க விடாதீர்கள், கைபேசியில் படம் எடுப்பவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.